காற்று வண்டிக்கு நான் போட்ட நூலோட்டம்

மன்னவனூர் போகிற வழியில், சாலையை விட்டு இறங்கிச் சற்று நடந்தால் ஒரு புல்மேடு வரும். ஓரத்தில் நிற்கிற ஒற்றை மரத்தைத் தவிர வேறு மரம் கிடையாது, வீடு கிடையாது. ஆடி மாதத்தில் அங்கே சும்மா நிற்பதே ஒரு வேலை. சேலையைப் பிடிக்க ஒரு கை, தலைமுடியைப் பிடிக்க ஒரு கை போக, தூக்குச் சட்டியைப் பிடிக்க மூன்றாவது கை தேட வேண்டும்.

அந்த மேட்டில் ஒரு பாறையை ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். எதிரே என் வீட்டுக்காரர் ஒரு மூன்று சக்கர வண்டியில், தரையோடு தரையாக, கால் இரண்டையும் முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வண்டிக்கு இன்ஜின் இல்லை. மாடோ குதிரையோ பூட்டவில்லை. அவர் கையில் இரண்டு கயிறுகள் இருந்தன. அவை மேலே போய் ஒரு பெரிய சிவப்புத் துணியில் முடிந்தன. அந்தத் துணிக்குள் காற்று புகுந்து உப்பிக்கொண்டு, வண்டியையும் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடியது.

என்னைத் தாண்டிப் போகும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பல்லை நான் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அடுப்படிக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே அலுத்துப்போன எனக்கு, அப்படியே அழுகை வந்தது.

வண்டி திரும்பி வந்தபோது அவர் கையைப் பார்த்தேன். கயிற்று நுனியில் பிடித்துக்கொள்ள இரண்டு கட்டைகள் உண்டு. கட்டையைப் பிடித்ததோடு அவர் நிறுத்தவில்லை. கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார். வந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது.

ஏரிக்கரை வழக்கம்

அந்தச் சுற்று என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். எழுபதுகளின் கடைசியில் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் வேலுச்சாமி வடகவுஞ்சிக்காரர். வீட்டில் எல்லாரும் பூண்டு போட்டார்கள். இவருக்கு மண் ஒட்டவில்லை. ஒரு மட்டக்குதிரையைப் பிடித்துக்கொண்டு கொடைக்கானல் ஏரிக்கரைக்கு வந்துவிட்டார். சீசனுக்கு வருகிறவர்களின் பிள்ளைகளைக் குதிரையில் உட்காரவைத்து ஏரியைச் சுற்றிக் கூட்டிப்போவது தொழில். குதிரையின் பெயர் மல்லிகா. நெற்றியில் வெள்ளை, மற்றபடி செம்பட்டை. என்னைக் கட்டிக்கொண்டபோது அவள் ஏற்கெனவே அந்த வீட்டில் மூத்தவள். நான் அவளுக்குப் பிறகுதான் வந்தேன் என்பதை இரண்டு பேருமே எனக்கு அடிக்கடி ஞாபகப்படுத்தினார்கள்.

ஏரிக்கரைக் குதிரைக்காரர்களுக்குள் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முதுகில் பிள்ளை உட்கார்ந்துவிட்டால் கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ள வேண்டும். குதிரை மிரளட்டும், ஓடட்டும், கயிற்றை விடக்கூடாது. விட்டவனுக்கு மறுநாள் வரிசையில் நிற்க இடம் கிடையாது. யாரும் அடிக்கமாட்டார்கள், திட்டமாட்டார்கள். அவன் வந்து நிற்கும்போது பக்கத்துக் குதிரைக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நின்றுகொள்வார்கள். அது போதும்.

ஒரு மே மாதம் படகுத்துறைப் பக்கம் ஒரு கார் தேவையில்லாமல் ஹார்ன் அடித்தது. மல்லிகா பிய்த்துக்கொண்டு ஓடினாள். அவள் முதுகில் மதுரையில் இருந்து வந்த ஒரு பையன். என் வீட்டுக்காரர் கீழே விழுந்து, தார் ரோட்டில் வயிறு தேயத் தேய இழுபட்டுப் போனார். கயிற்றை விடவில்லை. கடைசியில் அவர் பாரத்துக்கே குதிரை நின்றது. பையனுக்கு ஒரு கீறல் இல்லை. அவன் கையில் இருந்த மக்காச்சோளத்தைக்கூடக் கீழே போடாமல், இன்னொரு ரவுண்டு போகலாமா என்று கேட்டானாம்.

இவருக்கு வலது தோள் இறங்கிவிட்டது. பிறகு ஏற்றிவைத்தார்கள். ஆனாலும் ஒரு முறை இறங்கிய தோள் இறங்கிய தோள்தான். சட்டை மாட்டும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார். ஏரிக்கரையில் மட்டும் அந்தத் தோளுக்கு ஏக மரியாதை.

கட்டில்

பிறகு ஓர் ஐப்பசி மழையில் மல்லிகாவுக்கு வயிறு உப்பியது. இரண்டு நாள் படுத்தாள், போய்விட்டாள். வாட்டில் மரக்காட்டில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தார்கள். வந்தவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார்.

அவர் எழுந்திருக்கவில்லை என்று சொன்னால் மிகையாக இருக்கும். சாப்பிட எழுந்தார், வெளியே போய்வர எழுந்தார். மற்றபடி சுவர்தான். வேறு குதிரையைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி இரண்டு பேர் வந்து கூப்பிட்டார்கள். ‘பாக்கலாம்’ என்றார். பார்க்கவில்லை.

நான் அப்போது ஒரு விடுதிப் பள்ளியில் தையல் அறையில் இருந்தேன். போன வாரம் இந்தப் பத்தியில் அந்த அறையைப் பற்றி எழுதினேன். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் சட்டை, டவுசர், மேஜோடு ஒவ்வொன்றிலும் பெயர் நாடா வைத்துத் தைக்கிற வேலை. மாலையில் நாயுடுபுரத்துக்கு ஏறி வருவதற்குள் கழுத்து கழன்றுவிடும். வீட்டுக்கு வந்தால் விளக்குக்கூட ஏற்றாமல் ஒருவர் சுவரைப் பார்த்துக் கிடப்பார். நான் விளக்கை ஏற்றி, அடுப்பைப் பற்றவைத்து, அந்த முதுகிடம் பேசிக்கொண்டிருப்பேன். பேச்சு அலுத்தது. பிறகு இரக்கமும் அலுத்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

சாரின் துணி

பள்ளியில் விளையாட்டுக்கு ஒரு வெள்ளைக்கார வாத்தியார் இருந்தார். ஆலன் சார் என்று கூப்பிடுவோம். நெட்டை ஆள். தமிழை எங்கோ பாடமாகப் படித்திருந்ததால் மேடையில் பேசுகிற மாதிரி பேசுவார். அந்த வருடம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு மூட்டை கொண்டுவந்தார். பிரித்துக் காட்டினார். பட்டம் என்றார். எனக்கு அது பட்டமாகத் தெரியவில்லை. தலையணை உறைகளை வரிசையாகச் சேர்த்துத் தைத்தது மாதிரி இருந்தது. ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும், அதன் வழியே காற்று புகுந்து உப்பும். அடியில் கயிறு கோக்க நாடாவால் சின்னச் சின்ன காதுகள். ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய காதுகள், அங்கேதான் இழுவை எல்லாம் வந்து சேரும்.

ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் விடுகிற கடைக்காரரைப் பிடித்து, பழைய ஸ்கூட்டர் சக்கரங்களை வைத்து ஒரு வண்டி செய்துகொண்டார். முன் சக்கரத்தைக் காலால் திருப்ப வேண்டும். கூடவே நின்றபடி போக ஒரு சக்கரப் பலகையும் செய்தார். பட்டம் இழுக்க, பலகை மேல் நின்று புல்லில் போவது என்பது அவர் திட்டம். போனது குறைவு, விழுந்தது அதிகம். திங்கள்கிழமை காலையில் நொண்டிக்கொண்டே விசில் ஊதுவார்.

துணையாள் ஒருவர் வேண்டும் என்றார். என் வீட்டுக்காரரை ஏரிக்கரையில் இருந்தே அவருக்குத் தெரியும். நான் நம்பிக்கை இல்லாமல்தான் வீட்டில் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, ‘கயிறு என்ன கயிறு’ என்று கேட்டார். நைலான் என்றேன். சனிக்கிழமை வெள்ளனே எழுந்து, முகம் கழுவி, ஜீப் வருவதற்கு முன்பே தெருமுனையில் போய் நின்றார்.

மூன்றாவது சனிக்கிழமைதான் நானும் போனேன். தொடக்கத்தில் சொன்ன பாறையில் உட்கார்ந்து, அந்தச் சுற்றைப் பார்த்தது அன்றுதான். அதே நாளில் இன்னொன்றையும் பார்த்தேன். காற்று திடீரென்று கூடியது. வண்டி கவிழ்ந்தது. துணி நிற்கவில்லை, இழுத்துக்கொண்டே போனது. பின்னால் என் வீட்டுக்காரர் வயிறு தேயப் போனார். சார் பின்னாலேயே ஓடிக்கொண்டு, விடு விடு என்று கத்தினார். இவர் விடவில்லை. மேட்டின் ஓரத்தில் தனியாக நின்ற ஒரு வாட்டில் மரத்தில் துணி சிக்கியதால் நின்றார். அந்த மரத்துக்கு அப்பால் மண் கரை. கரைக்கு அப்பால் பள்ளம்.

எழுந்து வந்தபோது சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. மணிக்கட்டில் தோல் வளையமாக உரிந்திருந்தது. முகத்தில் மட்டும் அந்தச் சிரிப்பு போகவில்லை. நான் கொண்டுபோன ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் இரண்டு ஆள் அளவுக்குச் சாப்பிட்டார்.

குழவி மட்டும்

இவருக்கு விடத் தெரியாது. எனக்கோ விட்டு விட்டுப் பழகிப்போன பிறப்பு.

நான் சிலோன் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்தவள். ‘நீங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை’ என்று சொல்லி எங்களைக் கப்பலேற்றியபோது எனக்குத் தாவணி போடுகிற வயது. அம்மா அம்மியையும் குழவியையும் கொண்டுவருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். ரயிலில் தலைமன்னார் வரைக்கும் வந்த அம்மி, துறையில் நின்றுவிட்டது. இவ்வளவு பாரம் ஏற்ற முடியாது என்றார்கள். அம்மா குழவியை மட்டும் ஒரு பழைய சேலையில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். நான் அம்மியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ‘பாக்காத புள்ள, விட்டது விட்டதுதான்’ என்று என் கழுத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

அதற்குப் பிறகு, இந்தக் கரையில் இறங்கியதும் எங்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமை விட்டோம். பெரும்பாறைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் குழவிக்கு அம்மி தேடுவதற்குள் அங்கிருந்தும் கிளம்பினோம். அப்பாவை ஓர் இடத்தில் விட்டோம், அம்மாவை ஓர் இடத்தில் விட்டேன். கொடைக்கானலில் என்னைச் சிலோன்காரி என்றுதான் சொல்வார்கள். இந்த ஊரில் என் கையைப் பிடித்தவர் ஒரே ஒருவர். பிடித்தால் விடமாட்டார் என்று தெரிந்துதான் பிடிக்கக் கொடுத்தேன். அந்தக் குணமே அவரைப் பள்ளத்தில் கொண்டுபோய்ப் போடும் என்று அப்போது நினைக்கவில்லை.

கேட்டுப் பார்த்தேன்

அடுத்த வாரம் முழுக்க அவரிடம் பேசிப் பார்த்தேன். கட்டையை விட்டால் துணி தானாகச் சுருங்கி விழுந்துவிடும் என்று சார் சொல்கிறாரே, பின்னே எதற்கு அந்தச் சுற்று என்று கேட்டேன்.

“கயித்த விட்டுப் பழக்கமில்ல புள்ள.”

“அது குதிரைக்கு. முதுகுல புள்ள இருக்கும், சரி. இதுல யாரு இருக்கா? யாருக்காக இப்படிப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?”

அவர் மணிக்கட்டில் நான் வைத்த மஞ்சள் பற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப முதுகுல ஒக்காந்திருக்கது நாந்தான, லெச்சுமி.”

போகாதீர்கள் என்று சொல்லலாம். சொன்னால் கேட்பார். கேட்டுக்கொண்டு கட்டிலுக்குப் போய்ச் சுவரைப் பார்ப்பார். அந்த முதுகோடு இன்னொரு மழைக்காலம் பேச என்னால் ஆகாது. போகச் சொன்னால் ஒருநாள் பள்ளத்தில் இருந்து தூக்கி வருவார்கள். எனக்கு வாய்த்த இரண்டு வழியும் இப்படித்தான் இருந்தன.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் அக்கறையாகத்தான் கேட்டார். “அம்மா, கவலை வேண்டாம். நான் ஒரு கோடு போடுகிறேன். கோடு வந்தவுடன் அவர் கையை விட்டுவிட வேண்டும்” என்றார். மைதானத்தில் ஓட்டப்பந்தயத்துக்குப் போடுவதுபோல் சுண்ணாம்புப் பொடியால் மேட்டின் ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டார். என் வீட்டுக்காரர் கோட்டைப் பார்த்து, சரிங்க சார் என்றார். பிறகு மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். ஏரிக்கரையில் எத்தனையோ போலீஸ்காரர்களுக்குச் சொன்ன சரிங்க சார்தான் அது.

அந்தச் சனிக்கிழமையும் நான் பாறையடியில் உட்கார்ந்திருந்தேன், காற்று லேசாக இருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஓரத்துப் பெரிய காது பழைய தையல் விட்டுப் பிய்ந்துகொண்டது. நான் பதறி எழுந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு பக்கம் போனதும் மறுபக்கமும் சுருண்டு, கொடியில் இருந்து நழுவிய ஈரச்சேலை மாதிரி துணி கீழே வந்து விழுந்தது. வண்டி நாலு அடி உருண்டு நின்றது. அவர் மணிக்கட்டில் கயிறு அப்படியே இருந்தது. இழுக்கத்தான் ஆள் இல்லை.

சார் துணியை என்னிடம் கொடுத்து, அடுத்த சனிக்கிழமைக்குள் தைத்துத் தரமுடியுமா என்று கேட்டார்.

மிஷினுக்கு முன்னால்

வெள்ளிக்கிழமை மாலை துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வீடே மடியில் கிடக்கிற மாதிரி இருந்தது. அவர் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தார். அந்த வாரம் அவரே தண்ணீர் பிடித்தார், அவரே விறகு உடைத்தார்.

தையல் தெரிந்தவர்களுக்கு நூலோட்டம் என்றால் தெரியும். மிஷினில் தைக்கும் முன் துணி நகராமல் இருக்கக் கையால் நீள நீளமாகப் போடுகிற தையல். அளவு சரிதானா என்று பார்த்தபின் நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். பிடிப்பதற்கு அல்ல, பிரிப்பதற்கென்றே போடுகிற தையல் அது.

நான் அந்த ஓரத்துக் காதை மிஷினில் வைக்கவில்லை. நூலோட்டம் போட்டேன். ஒற்றை இழையில் போட்டு, காதில் ஒரு வாளியை மாட்டித் தூக்கிப் பார்த்தேன். உடனே விட்டது. இழையைக் கூட்டினேன். வாளியில் விறகுக் கட்டைகளைப் போட்டுப் பார்த்தேன். சும்மா இழுத்தால் தாங்க வேண்டும், வெறிகொண்டு இழுத்தால் விட வேண்டும். அந்தப் பதம் வரும்வரை பிரித்துப் பிரித்துப் போட்டேன். பார்க்கிறவர் கண்ணுக்கு மிஷின் தையலாகத் தெரியட்டும் என்று மேலே நெருக்கமாக ஒரு வரி பொய்க்கு ஓட்டினேன். சார் ஏறினால் என்ன என்றும் யோசித்தேன். அவர் எப்படியும் விழத்தான் போகிறார். புல்லில் விழுவது அவருக்குப் புதிதில்லை.

சரியாகத் தைக்கத் தெரிந்த கைக்கு வேண்டுமென்றே மோசமாகத் தைப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விரல் தன்னாலே இறுக்கப் பார்த்தது. இதில் எனக்கு இன்றைக்கும் ஒரு வருத்தமும் கிடையாது. பயம் மட்டும் இருந்தது. விடவேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே விட்டால் என்ன, விடாமலே போனால் என்ன என்று கணக்குப் போட்டுப் போட்டுக் களைத்துப்போனேன்.

அவர் தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, தைத்தாச்சா என்று கேட்டார். ஆச்சு என்றேன்.

வெள்ளைக் கோடு

மறுநாள் நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். வேறு சோலி இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

மேட்டில் சார் துணியை விரித்துக் கல் வைத்தார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு காதாகக் கயிறு கோத்துக்கொண்டு வந்தார். அதில் அவருக்கு ஒரு முறை உண்டு. மல்லிகாவுக்குச் சேணம் கட்டும்போதும் அப்படித்தான், வாரைப் பார்க்கமாட்டார், கட்டைவிரலால் தடவுவார். அந்த ஓரத்துக்கு வந்தார். கட்டைவிரல் அங்கே நின்றது போல எனக்குத் தோன்றியது. கயிற்றைக் கோத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். நான் மூச்சு விட்டேன்.

காலையில் சார் பலகையில் ஏறி வழக்கம்போல் விழுந்தார். பிறகு இவர் வண்டியில் உட்கார்ந்தார். மணிக்கட்டில் சுற்றினார். போனார், திரும்பினார், போனார். தையல் தாங்கியது. எனக்கு அதில் ஒரு கேடுகெட்ட பெருமைகூட வந்தது.

உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் புல் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்தது. பின்னாலேயே காற்று வந்தது. பாறைக்குப் பின்னால் இருந்த என்னையே தள்ளியது. துணி மேலே ஒரு முறை உதறிக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்து நேராக இழுத்தது. வண்டி திரும்பவில்லை. சார் பலகையைப் போட்டுவிட்டு ஓடினார். வெள்ளைக் கோடு வந்தது. அவர் விடவில்லை. கோட்டுச் சுண்ணாம்பு சக்கரத்தில் ஒட்டி, அதற்கு அப்பால் புல்லில் வெள்ளை வெள்ளையாகப் பதிந்துகொண்டு போனது.

நான் கத்தவில்லை. கத்தினால் மட்டும் விடுவாரா? மனசுக்குள் அந்த நூலிடம்தான் கெஞ்சினேன். விடு தாயே, விடு.

விட்டது. ஓரம் பிய்ந்து, துணி பாதியாக மடிந்து, ஒரு சுற்றுச் சுற்றி, கரைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. வண்டி உருண்டு போய் மண் கரையில் முட்டி, ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்க, சாய்ந்து நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். முழங்கை மட்டும் கிழிந்திருந்தது. பள்ளத்துக்குள் தொங்கிய கயிற்றைக் கையால் சுற்றிச் சுற்றி, கிணற்றில் இருந்து வாளி எடுக்கிற மாதிரி துணியை மேலே எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. பிய்ந்த காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லவேளை பிய்ந்தது என்றார். உடனே, ஆனால் பிய்யக்கூடாது என்றும் சொன்னார். பையில் இருந்து ஒரு நூல் கட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தார். அவர் ஊரில் இருந்து கொண்டுவந்த நூல், பழுப்பு நிறம், மெழுகு பூசியது. “அம்மா, இது என்றைக்கும் அறுந்து போகாது” என்றார். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வெந்நீர்

பொழுது சாய வீட்டுக்கு வந்தோம். அவர் அடுப்புக்கு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்தார். வெந்நீரில் துணி நனைத்து முழங்கையைத் துடைத்தேன். மணிக்கட்டில் பழைய வளையத்தின் மேல் புதிதாக ஒன்று விழுந்திருந்தது. அவரும் அதைப் பார்த்தார். கட்டிலுக்குப் போகப் போகிறார், அந்தத் துணி தன்னைக் கைவிட்டதாக நினைத்து மறுபடி சுவரைப் பார்க்கப் போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“காலையிலயே பாத்துட்டேன்” என்றார்.

நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

“மேல ஒரு வரி நெருக்கமா ஓட்டியிருக்க. அடியில நூலு தொளதொளன்னு கெடக்கு. வெரல வச்சதுமே தெரிஞ்சுபோச்சு.”

“பின்ன எதுக்கு ஏறினீங்க?”

உரிந்த மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“நான் விடமாட்டேன்னு எனக்குத் தெரியாதா? நீ விட்டுருவன்னு நம்பித்தான் ஏறுனேன்.”

எனக்கு அழுகை வந்தது. இந்த முறை அது நிற்கவில்லை. அவர் என் கையில் இருந்த ஈரத்துணியை வாங்கி, மிச்ச இரத்தத்தைத் தானே துடைத்துக்கொண்டார். பிறகு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சோறு போடச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் பள்ளியில் இருந்து ஏறி வரும்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துணி மிஷின் மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது, பிய்ந்த ஓரம் மேலே தெரியும்படியாக. சார் கொடுத்த நூல் கட்டையை நான் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். அதைக் காணவில்லை. கேட்டேன்.

“சட்டி அடுக்குக்கு மேல போட்டுட்டேன். அது ஒன் பள்ளிக்கூடத்துப் புள்ளைக சட்டைக்கு ஆகும்” என்றார். “இதுக்கு ஒன் நூலப் போடு. போன வாரம் போட்ட மாதிரியே போடு.”

சார் ஊருக்குத் திரும்பிப் போகும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த ஓரத்துக்கு நூலோட்டம் போட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஏறினார்.